தேயிலைப் பெட்டியும் மழைக்கால மோர்மிளகாயும்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

பம்பாயில் கொட்டுகிற ஆடி மழையில் மோர்மிளகாய் காயவைத்த முதல் மனிதன் நான்தான். இதை நானாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் செம்பூரில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, மீதிப் பேருக்கு ஞாபகம் இல்லை, அது வேறு விஷயம்.

காய்கறி உலர்த்துகிற மின்சாரப் பெட்டி இப்போது கடையிலேயே கிடைக்கிறது. அதை வாங்கி ஊர்விட்டு ஊர் கொண்டுபோனால் வழியில் என்னென்ன கஷ்டம் வரும் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. அறுபதுகளில், பம்பாயில் டிராம் நின்று இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகு, நானே செய்த பெட்டியோடு தாராவியில் கிளம்பி மாட்டுங்கா வழியாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தேன். மொத்தத் தூரம் ஏழு மைல். பயணத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொர்ணம் போடுகிற மோர்மிளகாய்க்குத் தாராவியில் ஈடு கிடையாது. அதைச் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் மெஸ் வைத்திருந்த அண்ணாச்சி வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். டிராம்பே தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நம்மூர் இளவட்டங்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். வெயில் காலம் முழுக்கச் சொர்ணத்தின் சரக்கு போகும். ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ஒரு மிளகாய்கூடக் காயாது, வியாபாரம் நின்றுவிடும். அந்த வருஷம் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஏ சொர்ணம், மழையிலயும் சரக்கு வந்துச்சின்னா வருசம் பூரா ஒனக்குத்தான். இல்லன்னா காட்கோபர்ல ஒருத்தன் ஊர்லருந்து மூட்டை மூட்டையா எறக்குதான். மொத்தத்தையும் அவன்கிட்டயே வாங்கிக்கிடுவேன்."

சொர்ணம் மோர்ப்பானையைக் கழுவி மூலையில் கவிழ்த்து வைத்தாள். அது அவளாக, அவள் கையால் உண்டாக்கிய வியாபாரம். அது போய்விட்டால் அவள் மறுபடி அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும்.

நான் அப்போது குர்லாவில் ஒரு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் இருந்தேன். படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் கரண்ட் விஷயத்தில் பெரிய பெரிய எஞ்சினியர்கள் காரை நிறுத்தி என்னிடம் சந்தேகம் கேட்டுப் போனதுண்டு. வெயில்தானே இல்லை, வெயிலை நான் செய்கிறேன் என்று சொர்ணத்திடம் சொன்னேன். தேயிலை வருகிற பலகைப் பெட்டி ஒன்று பிடித்தேன். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும், சூடு வெளியே போகாது. அடியில் நான்கு நூறு வாட் பல்பு, பக்கத்தில் ஒரு பழைய மேஜை விசிறி, மேலே கொசுவலைக் கம்பி அடித்த நான்கு தட்டு. இடுக்கெல்லாம் மைதா பசையும் காகிதமும் வைத்து அடைத்தேன். அணுகுண்டு செய்கிறவர்கள்கூட அவ்வளவு கவனமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் அறைக்குச் சொந்தமாகக் கரண்ட் லைன் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கம்பியில் ஒரு பல்பு எரியும், அவர்கள் ரேடியோ போட்டால் அதுவும் மங்கும். எனவே முதலில் மாட்டுங்காவில் சோதனை, பிறகு செம்பூரில் அண்ணாச்சி முன்னால் அரங்கேற்றம் என்று திட்டம். மாட்டுங்காவில் அலமேலு மாமி என்று ஒருவர். கணவர் ஆபீஸில் பெரிய வேலை, சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அவர்கள் வீட்டு விசிறிக்கு நான் காயில் கட்டிக் கொடுத்ததிலிருந்து என்மேல் நல்ல மரியாதை. நடையில் இருக்கிற பிளக்கை நாலு நாள் உபயோகித்துக்கொள் என்றார்.

சொர்ணம் முந்தின நாளே மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, கிளம்புகிற அன்று வடித்துக் கொடுத்தாள். கூடவே, "சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டாந்திருங்க" என்றாள்.

"என்னத்துக்கு? பொட்டியிலயே கெடக்கட்டும். கெடந்தாத்தானே காயும்."

"வெயில்ல வைக்கதுக்கு ஒரு மொறை இருக்குல்லா."

"இது வெயில் இல்ல சொர்ணம், கரண்ட். இதுக்கு மொறை வேற. எனக்குத் தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று விட்டுவிட்டாள். வருஷத்து வியாபாரத்தைத் தூக்கி என் கையில் கொடுத்திருக்கிறாள், அதற்குமேல் என்ன சொல்வாள்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கைவண்டியில் பெட்டியை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். வண்டிக்கூலி இரண்டு ரூபாய். மாட்டுங்கா ஐந்து மைல் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இந்த வழியில் போகிறவர்களுக்காகச் சரியாகச் சொல்கிறேன், இரண்டு மைல்தான். சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஏற்றம் இருக்கிறது, அங்கே வண்டிக்காரரோடு சேர்ந்து நீங்களும் தள்ள வேண்டும். பாலத்து உச்சியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏ அண்ணா, அந்தர் க்யா ஹை?" என்று கேட்டார். உள்ளே என்ன என்கிறார். "சூரஜ்" என்றேன். சூரியன் என்று அர்த்தம். அவர் மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். கழுத்தளவு என்று ஊரில் சொல்லியிருந்தேன், அது வண்டிக்குப் பின்னால் வந்த தெருநாயின் கழுத்து. ஒன்பதரைக்கு மாமி வீடு சேர்ந்தோம்.

மாமி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏண்டாப்பா சுடலை, இதுக்குள்ள மொளகா காயுமா?"

"உங்க வடாம்கூடக் காயும் மாமி."

"மோர்மொளகா பண்ற விதமெல்லாம் நோக்குத் தெரியுமோ?"

"என்ன மாமி இப்படிக் கேட்டுட்டீங்க. பம்பாயில மோர்மிளகான்னா எங்க வீடுதானே. தெரியாம வருவேனா?"

"தெரிஞ்சா சரி" என்றார்.

பட்டறையிலிருந்து வில் தராசு ஒன்று கடன் வாங்கி வந்திருந்தேன். எந்தச் சோதனைக்கும் நிறை முக்கியம். காலையில் மிளகாய் மூன்று கிலோ. விளக்கு வைக்கிற நேரத்தில் நிறுத்தால் இரண்டே கால். முக்கால் கிலோ தண்ணீரை ஒரே பகலில் உறிஞ்சியிருக்கிறது என் பெட்டி. மாமியிடம் நிறையைச் சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டு, தாராவிக்கு நடந்தே வந்தேன். அன்று கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியே சுவிட்சைப் போட்டிருக்கிறார். சந்தோஷமாகத் தட்டை எடுத்து நிறுத்தேன். மூன்று கிலோவுக்கும் கொஞ்சம் மேலே காட்டியது. தராசைத் தட்டினேன். மறுபடி நிறுத்தேன். அதேதான் காட்டியது. மிளகாயைத் தொட்டால் ஈரம், தட்டின் அடியில் சொட்டு நிற்கிறது. நேற்று சாயங்காலம் சுருங்கிக் கிடந்த மிளகாய் இன்று காலையில் குளித்து எழுந்த மாதிரி இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. ராத்திரியில் மிளகாய் தண்ணீர் குடிக்குமா?

யோசித்ததில் காரணம் பிடிபட்டது. பெட்டியை இடுக்கில்லாமல் அடைத்திருக்கிறேன், உள்ளே கிளம்பிய ஆவி வெளியே போக வழியில்லை, ராத்திரி குளிர்ந்து திரும்ப மிளகாய்மேலேயே இறங்கியிருக்கிறது. மேல்பலகையில் எட்டு ஓட்டை போட்டேன். சாயங்காலம் நிறை இரண்டு கிலோ. நேற்றைவிட நன்றாக இறங்கியிருக்கிறது. வென்றுவிட்டேன் என்று வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி மூன்று கிலோ.

இந்த இடத்தில் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் சாதாரணமாகக் குழம்புகிற ஆள் இல்லை. மூன்று நாள் ஓடாத மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்வேன். ஆனால் அன்று அந்த நடையில் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காலையா மாலையா, மிளகாய் காய்கிறதா முளைக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீர் ஆவியாகி வீட்டுக்குள் வருகிறதோ என்று தோன்றியது. தேயிலைப் பெட்டி அஸ்ஸாமில் செய்தது, அங்கே மழை அதிகம், பலகைக்கு அந்தப் பழக்கம் போகவில்லையோ என்றுகூட நினைத்தேன். இதைப் பட்டறையில் சொன்னபோது சிரித்தார்கள். அவர்களில் ஒருவரும் வேறு காரணம் சொல்லவில்லை.

எனவே எல்லாவற்றையும் மாற்றினேன். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வைத்தேன். அடியிலும் ஆறு ஓட்டை. உள்ளே ஊதிக்கொண்டிருந்த விசிறியைத் திருப்பி வெளியே இழுக்கிற மாதிரி வைத்தேன். இன்னொரு சின்ன விசிறி. பல்பு நான்கை ஆறாக்கினேன். சுவிட்சைப் போட்டதும் வீட்டு ஃபியூஸ் போய்விட்டது. தடித்த கம்பியாகப் போட்டுச் சரிசெய்தேன். மாமி ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. தட்டுகளை ஒரு தரம் எட்டிப் பார்த்து, ஒரு மிளகாயை விரலால் நசுக்கி, "மூணாச்சு. இன்னியோட போறும். இனிமே நன்னா காயட்டும்" என்றார். மூன்று நாளாயிற்று, நாளைக்கு நடையைக் காலி பண்ணு என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒன்றே முக்கால் கிலோ. வீட்டுக்குப் போனதும், "எப்படி இருக்கு?" என்று சொர்ணம் கேட்டாள். "ஏறி எறங்கி வருது" என்றேன். அதற்குமேல் அவளிடம் எப்படிச் சொல்வது. நாளைக்குச் செம்பூரில் அண்ணாச்சி காத்திருப்பார்.

நாலாம் நாள் காலையில் தராசைத் தூக்கவே பயமாக இருந்தது. ஒன்றே முக்கால். ஏறவில்லை. சந்தோஷத்துக்குப் பதில், ஏன் ஏறவில்லை என்று இன்னொரு குழப்பம் வந்தது. பதினான்கு ஓட்டையில் எது, இரண்டு விசிறியில் எது, ஆறு பல்பில் எது இதைச் செய்தது? யோசிக்க நேரமில்லை, டாக்ஸி பிடிக்க ஓடினேன்.

மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு ஐந்து மைல். ரயிலில் லக்கேஜ் டப்பாவில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மீன்கூடைக்காரம்மாக்கள் இடம் தர மாட்டார்கள். நான் பிடித்த டாக்ஸிக்காரர் ஒரு சர்தார்ஜி. மேலே கேரியரில் பெட்டியைக் கட்ட ஆறு ரூபாய் கேட்டு ஐந்துக்கு வந்தார். மிளகாய் காயவைக்கிற மெஷின் என்று சொன்னதும், "மிர்ச்சி தோ தூப் மே சூக்தீ ஹை" என்று சிரித்தார். மிளகாய் வெயிலில்தானே காயும் என்கிறார். நான் வானத்தைக் காட்டி, வெயிலை எங்கே என்று காட்டச் சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார். மிளகாய்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டேன். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டதால் சயான் தாண்டும்போது அவர் தும்ம ஆரம்பித்தார், செம்பூர் வரை நிறுத்தவில்லை. இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டார். கொடுத்தேன், நியாயம்தான்.

சொர்ணம் சயானில் ரயில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறி எனக்கு முன்னாலேயே மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார்.

"வே சுடலை, என்னவே இது, புறாக்கூண்டு மாதிரி ஓட்டை ஓட்டையா?"

"காத்து போறதுக்கு அண்ணாச்சி. எல்லாம் கணக்குப் பண்ணிப் போட்ட ஓட்டை."

"கணக்கு ஒமக்கு எப்பவே வந்துச்சி?"

மெஸ்ஸின் பின்கட்டில் அரிசி மூட்டைப் பக்கம் பெட்டியை வைத்துப் பத்தரைக்கு ஓட விட்டோம். மதியம் முதல் பந்தி முடிந்து, அடுத்த பந்தி தொடங்கும் முன் தட்டை உருவினேன். மிளகாய் சலசலவென்று சத்தம் போட்டது. வெள்ளைவெளேர் என்று, ஒடித்தால் ஒடிகிற காய்ச்சல். வெளியே அப்படி ஒரு மழை, ஓட்டுமேல் கொட்டுகிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை.

அண்ணாச்சி எண்ணெயில் ஒரு பிடி போட்டு வறுத்தார். தயிர்ச்சோற்றோடு ஒன்றைக் கடித்தார். இன்னொன்று எடுத்தார். அடுத்த பந்திக்கு வந்து உட்கார்ந்த பையன்கள் கைநீட்டினார்கள்.

"நாலு வருசமா ஒன் சரக்குத் திங்கேன் சொர்ணம்" என்றார் அண்ணாச்சி. "இது அதுக்கும் ஒரு படி மேல. இதே மாதிரி வந்தா வருசம் பூரா எடுத்துக்கிடுதேன்."

நான் சொர்ணத்தைப் பார்த்தேன். அவள் ஒரு மிளகாயை எடுத்து முனையைக் கடித்தாள். மென்றாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"இது என் மோரு இல்ல" என்றாள்.

நான் சிரித்தேன். "நீதானே ஊறப்போட்டே."

"நான் போட்டது ஒரு மோரு. இது மூணு மோரு கண்ட மிளகா. பகல்ல காயணும், ராத்திரி திரும்ப மோர்ல கெடக்கணும், அப்பத்தான் உள்ள வரைக்கும் ஏறும். அதுக்குத்தானே சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டாரச் சொன்னேன். நீங்க கொண்டாரல. நான் வெந்தயம் போட மாட்டேன், இதுல கெடக்கு. மாட்டுங்காவுல யாரு கை வச்சது?"

அப்போதுதான் எனக்குப் படிப்படியாக விளங்கியது. விளங்கினாலும் உடனே நம்பவில்லை. ராத்திரி மிளகாய் எடை ஏறியது, காலையில் சொட்டு நின்றது, மாமியே எனக்கு முன்னால் எழுந்து சுவிட்ச் போட்டது. சாயங்காலம் ஆனால் மிளகாய் மோருக்குத் திரும்பும் என்பது அந்த அம்மாளுக்குப் பல் தேய்க்கிற மாதிரி. எனக்கும் தெரியும் என்று நினைத்து என் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். தெரியும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

அண்ணாச்சி, "யாரு கையா இருந்தா என்ன, ருசி இருக்கு. ஆர்டர் ஒனக்குத்தான்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணம், "வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். இவ்வளவு தூரம் தண்ணீரிலும் தும்மலிலும் கொண்டுவந்து சேர்த்ததை ஒரு வார்த்தையில் தள்ளுகிறாளே என்று நினைத்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "இது அந்த அம்மாவோட சரக்கு. இதக் காட்டி நான் வாங்க மாட்டேன். பொட்டி இங்கயே கெடக்கட்டும். எனக்கு நாலு நாள் குடுங்க. ராத்திரி இங்கயே என் மோர்ல போடுதேன், பகல்ல இதுலயே காயப்போடுதேன். தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க. பிடிக்கலன்னா காட்கோபர்க்காரன்கிட்டயே வாங்குங்க."

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "கரண்டு பில்லு எங்கதுல்லா" என்றார். பிறகு, "சரி, நாலு நாள்" என்றார். நாங்கள் கிளம்பும்போது அவர் வறுத்த மிளகாய்ப் பாத்திரத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

திரும்பும் வழியில் நான் மட்டும் மாட்டுங்காவில் இறங்கி மாமி வீட்டுக்குப் போனேன். சோதனைக்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, ராத்திரி மிளகாய் எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"எங்க இருக்கும், மோர்லதான். தனியா ஒரு ஜாடியில. ஏன், கொஞ்சம் வெந்தயப்பொடி போட்டேன், பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சுது மாமி. எனக்கு முன்னாடியே தெரியும், நிச்சயம் பண்ணிக்கத்தான் கேட்டேன்."

"நன்னாத் தெரியும் நோக்கு" என்று சொல்லிவிட்டு மாமி காபி கொடுத்தார்.

அந்த நான்கு நாளும் சொர்ணம் தினம் காலையில் செம்பூர் போய்ச் சாயங்காலம் திரும்பினாள். மழை ஒரு மணி நேரம்கூட விடவில்லை. கடைசி நாள் நானும் போனேன். பையன்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணாச்சி அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் சொர்ணத்தின் மிளகாயைப் பரிமாறினார். சொர்ணம் சமையல்கட்டு வாசலில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஒருவன் தலையைத் தூக்காமலே, "அண்ணாச்சி, மொளகா" என்றான். பிறகு இன்னொருவன். பாத்திரம் இரண்டு முறை காலியாயிற்று.

அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்தார். "அந்த வெந்தயம் கொஞ்சம் போட்டா என்ன?" என்றார்.

"அது மாட்டுங்கா. என்கிட்ட கெடையாது."

அவர் காலிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "அடுத்த வாரத்துக்கு எவ்வளவு கொண்டாருவே?"

சொர்ணம் எவ்வளவு என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தப் பெட்டி அந்தப் பின்கட்டில் பல மழைக்காலம் ஓடியது.

இனி இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது. சயான் பாலத்து ஏற்றத்தை மழை வலுப்பதற்கு முன் தாண்டிவிடுங்கள். பெட்டியை டாக்ஸி கேரியரில் கட்டலாம், மிளகாயை உள்ளே கொண்டுபோவதானால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வில் தராசு நல்லதுதான், ஆனால் அதற்கு எடை மட்டும்தான் தெரியும். இன்னொருவர் வீட்டில் எதையாவது காயப்போட்டால், சாயங்காலம் அது எங்கே போகிறது என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள், கேட்ட பிறகு பெட்டியில் ஓட்டை போடுங்கள்.

நான் முதலில் செய்த பெட்டி, ஒரு ஓட்டைகூட இல்லாத அந்தப் பெட்டி, ஒழுங்காக வேலை செய்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருமுறை முயற்சி செய்தேன். பசையும் காகிதமும் எடுத்துக்கொண்டு செம்பூர் போய், ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கலாம் என்று பெட்டிமுன் உட்கார்ந்தேன். சொர்ணம் மோர்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து, பசைக்கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"எது வேலை செய்யுதுன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காயுதுல்லா. கையை எடுங்க."

பதினான்கு ஓட்டையும் அப்படியே இருந்தன.